பங்குனி உத்திரமும் வரி நோட்டும்

இவ்வருஷத்துப் பங்குனி உத்திரமும் வந்து போய்விட்டது. திருநெல்வேலி, தூத்துக்குடி, தென்காசி, கன்னியாகுமரி ஜில்லாக்களில் இந்த நாளுக்குள்ள மதிப்பு தீபாவளிக்குக் குறைந்ததல்ல. குடும்பம் குடும்பமாகத் தங்கள் தங்கள் சாஸ்தா கோயிலைத் தேடிப் போவது அன்றைக்குத்தான். சென்னையில் மளிகைக் கடை வைத்திருப்பவர்களும், மும்பைத் தாராவியில் தொழில் செய்பவர்களும், பெங்களூரில் கம்ப்யூட்டர் உத்தியோகம் பார்ப்பவர்களும், ரயிலும் பஸ்ஸும் கொள்ளாமல் வந்து இறங்குகிறார்கள். காலையில் சாஸ்தாவுக்குப் பொங்கல், மத்தியானம் பந்தி, கடற்கரை பக்கத்திலிருந்தால் சாயங்காலம் கட்டுச்சோற்றோடு கடற்கரை, இரவு வண்டியேறி அவரவர் பிழைப்புக்குத் திரும்புவது. இதுதான் அந்நாளைய திட்டம்.

நாமும் இவ்வருஷம் ஒரு நண்பரின் அழைப்பின் பேரில் போயிருந்தோம். கடவுள் இல்லை என்று எழுதுகிறவர்களுக்குக் கோயிலில் என்ன வேலை என்று வாசகர்கள் கேட்கலாம். நாம் சாமியைப் பார்க்கப் போகவில்லை. சாமியைப் பார்க்க வருகிற மனிதர்களைப் பார்க்கப் போனோம். பொங்கலும் நன்றாயிருந்தது என்பதையும் ஒப்புக்கொள்ளுகிறோம். திருச்செந்தூருக்கு மேற்கே, தேரிக்காட்டுச் செம்மணலுக்கும் பனைகளுக்கும் நடுவிலுள்ள ஒரு சிறு கோயில் அது. கோயிலின் பெயரும், குடும்பத்தின் பெயரும், ஜாதியின் பெயரும் இங்கே வேண்டியதில்லை. பெயரைச் சொன்னால் மற்றவர்களெல்லாம் "அது அவர்கள் வீட்டுச் சங்கதி" என்று சொல்லித் தப்பித்துக்கொள்வார்கள். நாம் சொல்லப்போவதோ ஏறக்குறைய எல்லா ஜாதியாருடைய வீட்டுச் சங்கதியுமாகும்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுவோம். ஒரு வருஷமாக ஒருவர் முகத்தை ஒருவர் பாராதவர்கள் அன்றைக்குப் பார்த்துக்கொண்டார்கள். பேரப்பிள்ளைகளின் உயரத்தை ஆச்சிமார் கையால் அளந்து பார்த்தார்கள். இரண்டு வருஷமாகப் பேசாதிருந்த சித்தப்பனும் மகனும் ஒரே பனையடியில் நின்று பதநீர் குடித்தார்கள். இதையெல்லாம் வேண்டாமென்று சொல்ல நமக்குப் பைத்தியம் பிடிக்கவில்லை. மனிதன் மனிதனைத் தேடி வருவதைவிட நல்ல காரியம் என்ன இருக்கிறது? உறவினர் கூடும் நாள் ஒன்று வேண்டியதுதான். ஆனால் அன்றைக்குக் கூடுவது குடும்பம் முழுவதுமா, அல்லது குடும்பத்தில் ஒரு பாதி மாத்திரமா என்பதுதான் நம்முடைய கேள்வி.

பானை பொங்கிற்று; பெண்கள் குலவையிட்டார்கள். பிறகு மரத்தடியில் ஒரு பாயை விரித்து, குடும்பத்துக்கு மூத்த பெரியவர் ஒருவர் வரி நோட்டோடு உட்கார்ந்தார். கோயில் செலவுக்குத் தலைக்கட்டு ஒன்றுக்கு 3,000 ரூபாய் வரி. கல்யாணமான ஆண்பிள்ளை ஒவ்வொருவனும் ஒரு தலைக்கட்டு. பெயரை வாசிக்க வாசிக்க, அந்தந்தப் பெயருக்குரியவர் எழுந்து பணத்தைக் கட்டி, திருநீறும் தேங்காய் முறியும் பெற்றுக்கொண்டார். நாம் எண்ணிப் பார்த்தோம். 27 பெயர்கள். அவற்றில் ஒன்றாவது பெண் பெயராக இல்லை. அன்று விடியற்காலம் நாலு மணி முதல் விறகடுப்பின் புகையில் நின்றவர்களெல்லாம் பெண்கள். ஆனால் தலைக்கட்டில் அவர்களுக்குத் தலை கிடையாது.

சென்ற வருஷம் காலமான ஒருவருடைய பெயர் வந்தது. பெரியவர் அதைப் பேனாவால் அடித்துவிட்டு அடுத்த பெயருக்குப் போனார். இறந்தவருடைய மனைவி பத்தடி தூரத்தில் பந்திக்கு இலை துடைத்துக்கொண்டிருந்தார். அவர் பெயரை எழுதலாமே என்று நாம் கேட்டதற்கு, "மகனுக்குக் கல்யாணம் ஆகட்டும், அவன் பேரை ஏத்திக்கிடலாம். அதுவரைக்கும் அவளுக்கு வரி கிடையாது" என்று ஒரு சலுகையைப் போலச் சொன்னார்கள். ஓர் ஆளைக் கணக்கிலிருந்து எடுத்துவிட்டு, "உனக்கு வரி மிச்சம்" என்று சொல்லுவதைச் சலுகை என்று நாம் அன்றுதான் தெரிந்துகொண்டோம்.

அடுத்தபடியாக, அந்தக் குடும்பத்தில் பிறந்து வேறு ஊரில் வாழ்க்கைப்பட்ட ஓர் அம்மாள் வந்தார். முப்பது வருஷம் பள்ளிக்கூட ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். சொந்தச் சம்பாத்தியத்தில் 3,000 ரூபாயை எண்ணி எடுத்து, "எம் பேருலயும் ஒரு வரி எழுதிக்கிடுங்க சித்தப்பா" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். "நீ அடுத்த வீட்டுக்காரியில்லா தாயி! உன் சாஸ்தா இப்ப உன் மாப்பிள்ளை வீட்டுச் சாஸ்தால்லா. குடுக்கணும்னு ஆசையிருந்தா உண்டியல்ல போட்டுட்டுப் போ" என்றார் பெரியவர். அம்மாள் போட்டுவிட்டு வந்தார். சாமிக்குப் பெண்ணின் பணம் செல்லும், பெயர்தான் செல்லாது.

நோட்டின் நடுப்பக்கத்தில் ஒரு பெயர் சிவப்பு மையால் அடிக்கப்பட்டிருந்தது. இறந்தவரோ என்று கேட்டோம். இல்லை, உயிரோடு கோயம்புத்தூரில் இருக்கிறார். வேறு ஜாதிப் பெண்ணைக் கல்யாணம் செய்துகொண்டார். அதனால் அவரிடம் வரி வாங்குவதில்லை. கோயிலுக்கு வரவும் கூடாது. அவரைப் பெற்ற தாய் அதே கோயிலில், அதே பாய்க்குப் பின்னால் உட்கார்ந்து தேங்காய் துருவிக்கொண்டிருந்தார்.

ஏன் இப்படி என்று பெரியவரைக் கேட்டோம். அவர் கோபக்காரரல்லர், கெட்டவருமல்லர். "நான் என்ன செய்யட்டும்? என் இஷ்டமா? மாத்தினா சாமிகுத்தம் வந்திரும்" என்றார்.

தோழர்களே! இந்த ஒரு வார்த்தையில்தான் எல்லாம் அடங்கியிருக்கிறது. நோட்டைக் கடையில் வாங்கியவன் மனிதன். பெயரை எழுதியவன் மனிதன். அடித்தவனும் மனிதன். ஆனால் ஏனென்று கேட்டால் மாத்திரம் பதில் சொல்ல வேண்டியது கல்லாயிருக்கிற சாஸ்தா! மனிதன் போட்ட வேலியை மனிதன் போட்டதாகச் சொன்னால், நாளைக்கு ஒருவன் வந்து பிடுங்கிவிடுவான். சாமி போட்ட வேலி என்று சொல்லிவிட்டால் தொடுவதற்கே கை நடுங்கும். சாமியினால் நம் வீட்டு ஆண்களுக்குக் கிடைத்திருக்கிற பெரிய உபகாரம் இதுதான்.

பிற்பகல் மூன்று மணிக்கு எல்லோரும் வேன்களில் ஏறித் திருச்செந்தூர்க் கடற்கரைக்குப் போனோம். புளியோதரை, தயிர்ச்சோறு, வடகம், உடன்குடிக் கருப்பட்டி போட்ட காப்பி எல்லாம் கூட வந்தன. காலையில் கோயிலில் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு நின்ற பெண்கள், கடற்கரைக்கு வந்தவுடன் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு அலையில் நின்று சிரித்தார்கள். ஆண் இந்தப் பக்கம், பெண் அந்தப் பக்கம் என்று யாரும் பிரிக்கவில்லை. அதற்கு நோட்டும் இல்லை, பெரியவரும் இல்லை.

அங்கே மணலில் ஓர் இளைஞரும், அவர் மனைவியும், நாலு வயதுப் பெண்குழந்தையும் நமக்கு முன்னாலேயே வந்து காத்திருந்தார்கள். சிவப்பு மைக்காரர் அவர்தான். கோயிலுக்கு வரக்கூடாது, கடற்கரைக்கு வந்தால் யாரும் ஒன்றும் சொல்லமாட்டார்கள் என்று தாயும் மகனும் கைப்பேசியில் ஏற்பாடு செய்துகொண்டிருக்கிறார்கள். இரவெல்லாம் பஸ்ஸில் வந்து, கோயில் பொங்கல் முடியும்வரை லாட்ஜில் இருந்துவிட்டுக் கடற்கரைக்கு வந்திருக்கிறார்கள். பாட்டி பேத்தியை இடுப்பில் தூக்கிக்கொண்டு அலைக்குப் போனார். கொஞ்ச நேரம் கழித்து நோட்டுக்காரப் பெரியவரே மடியிலிருந்து ஒரு சில்லுக்கருப்பட்டியை எடுத்துக் குழந்தையின் கையில் கொடுத்து, "உன் பேரென்ன?" என்று கேட்டார். குழந்தை சொல்லிற்று. "நல்ல பேரு" என்றார். நல்ல பெயர்தான், அதை ஏன் எழுதக்கூடாது? காலையில் தேரிக்காட்டில் தீட்டாயிருந்த இரத்தம், பதினைந்து மைல்கூட இல்லாத கடற்கரையில் சாயங்காலம் எப்படிச் சுத்தமாயிற்று? அந்தப் பெரியவருடைய நெஞ்சில் பாசத்துக்குக் குறைவில்லை. நோட்டை விட்டு எழுந்து வந்தவுடன் அவர் மனிதராகிவிட்டார்.

இன்னொரு காரியமும் அந்த மணலிலேயே நடந்தது. ஆசிரியை அம்மாளின் மூத்த அண்ணன் அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, ஒரு புதுச் சேலைப் பையை மடியில் வைத்து, "நாளைக்கழிச்சு பத்திர ஆபீசு வரைக்கும் ஒரு எட்டு வந்துட்டுப் போ தாயி. ஒரு கையெழுத்துதான்" என்றார். அப்பா விட்டுப்போன நிலத்துக்கு விடுதலைப் பத்திரம்! தனக்குப் பங்கு வேண்டாமென்று உடன்பிறந்தவள் எழுதிக்கொடுத்தால்தான் அண்ணன் தம்பிகள் விற்க முடியும். அம்மாள் சேலையைத் தடவிப் பார்த்துக்கொண்டே, "பாப்பம்ணே" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை.

அவர் கேட்காததை நாம் கேட்கிறோம். காலையில் வரி நோட்டில் இடமில்லாத பெயருக்கு, சாயங்காலம் விடுதலைப் பத்திரத்தில் இடம் எப்படி வந்தது? "நீ அடுத்த வீட்டுக்காரி" என்று மரத்தடியில் சொன்ன வாய், "நீ இந்த வீட்டு வாரிசு, வந்து கையெழுத்துப் போடு" என்று மணலில் எப்படிச் சொல்லிற்று? கொடுக்க வேண்டிய இடத்தில் அவள் அந்நியள். வாங்க வேண்டிய இடத்தில் அவள் கூடப்பிறந்தவள். இந்த இரண்டு கணக்கையும் ஒரே நாளில், ஒரே குடும்பத்தார், கொஞ்சமும் கூச்சமில்லாமல் எழுதுகிறார்கள் என்றால் அந்தத் தைரியத்தை அவர்களுக்குக் கொடுத்தது எது? காலையில் சாமி வந்து முதல் கணக்கைச் சரியென்று சொல்லிவிட்டதுதான்.

இந்தக் கையெழுத்து அண்ணனுக்கு ஏன் தேவைப்படுகிறது என்பதையும் பெண்கள் தெரிந்துகொள்ள வேண்டும். அண்ணனுக்கு அன்பு பெருகியதனாலல்ல, சட்டம் மாறியதனால். பெண்களுக்கு ஆண்களுக்குச் சமமான சொத்துரிமை வேண்டுமென்று 1929ல் செங்கற்பட்டு சுயமரியாதை மாநாட்டில் தீர்மானித்தபோது, குடும்பம் சிதறிப்போகும் என்றும், அண்ணன் தங்கை உறவு அற்றுப்போகும் என்றும் கூச்சல் போட்டார்கள். 1956ல் வந்த இந்து வாரிசுரிமைச் சட்டம் தகப்பனுடைய சொத்தில் மகளை வாரிசாக்கிற்று. பூர்வீகக் கூட்டுக் குடும்பச் சொத்திலும் மகனைப் போலவே மகளுக்கும் பிறப்பினாலேயே பங்கு என்று தமிழ்நாட்டில் 1989ல் சட்டம் வந்தது. இந்தியா முழுவதற்கும் 2005ல் வந்தது. எந்தக் குடும்பமும் இதனால் சிதறவில்லை. பங்குனி உத்திரக் கூட்டம் வருஷத்துக்கு வருஷம் பெருகித்தான் வருகிறது. சட்டப் புத்தகம் ஏற்றுக்கொண்ட பெண்ணின் பெயரை 40 பக்க வரி நோட்டு ஏற்றுக்கொள்ள மறுக்கிறது என்றால், அந்த நோட்டு என்ன, சட்டத்துக்கு மேற்பட்டதா?

ஜாதி மாறிச் செய்த கல்யாணத்தின் கதியும் இதுவே. வேறு வேறு ஜாதி என்பதற்காக இந்துக்களின் கல்யாணம் செல்லாமற் போகாது என்று 1949லேயே சட்டம் செய்யப்பட்டாய்விட்டது. சர்க்கார் அந்தக் கல்யாணத்தைக் கல்யாணமென்கிறது. பிறந்த குழந்தையை வாரிசு என்கிறது. சிவப்பு மைப் பேனா மாத்திரம் இல்லையென்கிறது.

நிற்க, இதற்கு நம் படித்த வாலிபர்கள் ஒரு புதிய சமாதானம் கண்டுபிடித்திருக்கிறார்கள். அதைக் கைப்பேசியில் ஒருவருக்கொருவர் அனுப்பிக்கொள்ளுகிறார்கள். குலதெய்வம் ஆண்வழியில் வருவது விஞ்ஞானமாம்! தகப்பனிடமிருந்து மகனுக்கு மட்டும் போகிற ஒய் குரோமோசோமைக் காப்பாற்றவே முன்னோர்கள் குலதெய்வத்தை ஏற்படுத்தினார்களாம்! மூடநம்பிக்கைக்கு இவ்வளவு காலம் விபூதி பூசினார்கள். இப்போது விஞ்ஞானத்தைப் பூசுகிறார்கள். சரி, அந்த விஞ்ஞானத்தையே கேட்போம். மனித உயிரணு ஒன்றில் 46 குரோமோசோம்கள் இருக்கின்றன. 23 தாய் கொடுத்தது, 23 தகப்பன் கொடுத்தது. ஒய் என்பது அந்த 46ல் ஒன்று. அதுவும் மிகச் சிறியவற்றில் ஒன்று. உயிரணுவுக்குச் சக்தி கொடுக்கிற மைட்டோகாண்டிரியா என்னும் பகுதியோ, மகனுக்கும் மகளுக்கும் தாயிடமிருந்தே வருகிறது. விஞ்ஞானப்படி குலதெய்வம் வைப்பதானால் தாய்வழிக்கும் ஒரு கோயில் கட்ட வேண்டியிருக்கும். கட்டுவார்களா? மேலும் ஒன்று கேட்கிறோம். சிவப்பு மையால் அடிக்கப்பட்ட அந்த இளைஞரிடமும் அதே ஒய் குரோமோசோம்தானே இருக்கிறது? வேறு ஜாதிப் பெண்ணைக் கட்டியவுடன் அது உடம்பை விட்டு ஓடிப்போய்விட்டதா? ஆகவே, இவர்கள் காப்பாற்றுவது குரோமோசோமை அல்ல. ஜாதியைத்தான் என்பது வெட்டவெளிச்சம்.

விஞ்ஞானம் வேண்டாம், புராணமே போதும் என்பார்களானால் அதையும் பார்ப்போம். சாஸ்தா யாருக்குப் பிறந்தார்? சிவனுக்கும், மோகினி வேஷம் போட்ட விஷ்ணுவுக்கும் பிறந்தார் என்கிறார்கள். அப்பன் வழி சைவம், அம்மை வழி வைஷ்ணவம். அந்த அம்மையும் ஆண்! இப்படிப்பட்ட பிறப்புடையவர், பெண் வழியை ஒப்புக்கொள்ளமாட்டேனென்று அடம்பிடிக்கிறார் என்பதை எந்தப் புத்தியுள்ளவன் நம்புவான்? அவருடைய கல்யாணத்தையாவது பார்ப்போம். செங்கோட்டைக் கணவாயைத் தாண்டினால் கொல்லம் ஜில்லாவில் ஆரியங்காவு இருக்கிறது. அங்கே வருஷந்தோறும் டிசம்பர் மாதத்தில் சாஸ்தாவுக்கும் புஷ்கலைக்கும் கல்யாண உற்சவம் நடக்கிறது. புஷ்கலை சௌராஷ்டிர குலத்துப் பெண் என்பது அவர்கள் ஐதீகம். ஆகையால் மதுரையிலிருந்து சௌராஷ்டிர மக்கள் பெண் வீட்டாராகச் சீர்வரிசையோடு போய் நிற்கிறார்கள். ஆக, மலைநாட்டுச் சாமி, வேறு ஜாதியில், வேறு பாஷைக்காரர் வீட்டில் பெண் கட்டியிருக்கிறார். அவர் பெயரைச் சிவப்பு மையால் அடித்தவர் யார்? சாமி செய்தால் திருக்கல்யாணம், பக்தன் செய்தால் ஊர்விலக்கா? இந்தக் கதைகளில் நமக்கு நம்பிக்கை கிடையாது. நம்புகிறவர்களாவது தங்கள் கதைக்கு நாணயமாக இருக்கட்டும் என்றுதான் சொல்லுகிறோம்.

"வழக்கம், வழக்கம்" என்று சொல்லுகிறவர்களுக்கு ஒரு பழைய வழக்கை ஞாபகப்படுத்துகிறோம். 1897ல் கமுதி மீனாட்சி சுந்தரேசுவரர் கோயிலுக்குள் நாடார்கள் நுழைந்தார்கள் என்பதற்காகப் போடப்பட்ட வழக்கு, மதுரைக் கோர்ட்டையும் சென்னை ஹைகோர்ட்டையும் கடந்து லண்டன் பிரிவி கவுன்சில் வரைக்கும் போயிற்று. 1908ல் நாடார்களுக்கு நுழையும் உரிமையில்லை என்று தீர்ப்பாயிற்று. அன்று வெளியே நிறுத்தியவர்கள் சொன்ன காரணம் என்ன? வழக்கம். வெளியே நின்றவர்கள் கேட்ட கேள்வி என்ன? "நாங்களும் மனிதர்கள்தானே?" பிறகு 1947ல் சென்னை மாகாண ஆலயப் பிரவேசச் சட்டம் வந்து, எல்லா இந்துக்களுக்கும் பெரிய கோயில்களின் கதவைத் திறந்தது. பள்ளர், பறையர், நாடார் முதலிய எத்தனையோ வகுப்பார் வழக்கம் என்ற ஒரே சொல்லால் தலைமுறை தலைமுறையாக வெளியே நிறுத்தப்பட்டவர்கள். அந்த அவமானத்தை அனுபவித்த பாட்டன்களின் பேரன்கள், அதே சொல்லை வைத்துத் தங்கள் தங்கைகளையும், தங்கள் பிள்ளைகளையும் வெளியே நிறுத்துவதென்றால், இதைவிட வெட்கக்கேடு வேறு உண்டா? முன்னோர் வழக்கம் என்றால் முன்னோரைப் போல மாட்டுவண்டி கட்டிக்கொண்டல்லவா வரவேண்டும்? ஏசி வேனில் வருகிறவனுக்கு வழக்கம் நோட்டைத் திறக்கும்போது மட்டும் ஞாபகம் வருகிறது.

"சாமி இல்லாவிட்டால் குடும்பம் கூடாது. சாமிக்குப் பயந்தாவது வருஷத்துக்கு ஒருநாள் வருகிறார்கள்" என்று சிலர் சொல்லுகிறார்கள். இது மனிதனுக்குச் செய்கிற அவமரியாதை. காணும் பொங்கலன்று சென்னை மெரினாவுக்குப் போய்ப் பாருங்கள். மாமல்லபுரத்துக்குப் போய்ப் பாருங்கள். கட்டுச்சோற்று மூட்டையோடு, கிழவர் முதல் கைக்குழந்தை வரை வந்து மணலில் உட்கார்ந்திருக்கிறார்கள். அன்றைக்கு வராவிட்டால் சாமிகுத்தம் என்று அவர்களை யாரும் பயமுறுத்தவில்லை. உறவினரைக் காணவேண்டும், கடலைக் காணவேண்டும் என்ற ஆசையே அவர்களை அழைத்து வருகிறது. நாம் பார்த்த குடும்பத்திலும் சாஸ்தாவின் முன்னால் நின்ற நேரம் கால் மணி. ஒருவரோடொருவர் பேசிச் சிரித்த நேரம் பத்து மணி. கூட்டிவந்தது எது என்பதைக் கடிகாரமே சொல்லுகிறது.

"பெண்களே இதைக் கேட்கவில்லையே, உங்களுக்கு என்ன?" என்றும் சொல்லுவார்கள். ஓர் அம்மாள் கேட்டார், எல்லோரும் சிரித்தார்கள். சிரித்து அடக்கிய பிறகு, கேட்கவில்லை என்று சொல்லுவது யோக்கியமா? "ஒரு நோட்டுத்தானே, இது என்ன பெரிய விஷயம்?" என்பவர்களுக்கு, அவ்வளவு சின்ன விஷயமானால் இன்றைக்கே எழுதிவிடுவதற்கு என்ன தடை என்று கேட்கிறோம்.

ஆதலால், அடுத்த பங்குனி உத்திரத்துக்கு முன் கீழ்க்கண்ட காரியங்களைச் செய்யும்படி அந்தந்தக் குடும்பத்து வாலிபர்களையும் பெண்களையும் கேட்டுக்கொள்ளுகிறோம். சாமி இல்லையென்று இன்றைக்கே ஒப்புக்கொள்ளும்படி நாம் கேட்கவில்லை. அது யோசிக்க யோசிக்கத் தானாக விளங்கும். இருக்கிறதென்று நம்புகிறவர்களும் செய்யக்கூடிய காரியங்களையே சொல்லுகிறோம்.

1. குடும்பத்தில் பிறந்தவர், வாழ வந்தவர், கணவனை இழந்தவர், கல்யாணமாகாதவர் ஆகிய ஆண் பெண் எல்லோருடைய பெயரையும் நோட்டில் எழுதவேண்டும். சம்பாதிக்கிறவர் எல்லோரிடமும் ஒரே மாதிரியாக வரி வாங்கவேண்டும்.

2. ஜாதி மாறிக் கல்யாணம் செய்தவர்களின் பெயரை அடித்த கையாலேயே திரும்ப எழுதி, அவர்களுக்கு முதல் அழைப்பு அனுப்பவேண்டும். கடற்கரையில் கொஞ்சுகிற குழந்தையைக் கோயிலடியிலும் கொஞ்சவேண்டும்.

3. குடும்பம் கூடும் நாளில் உடன்பிறந்த பெண்களிடம் விடுதலைப் பத்திரத்தைப் பற்றிப் பேசக்கூடாது. பங்கு கொடுக்க மனமிருந்தால் பேசலாம்.

4. விறகடுப்பின் பக்கம் ஒரு வருஷம் ஆண்கள் நிற்கட்டும். பொங்கல் பொங்கத்தான் செய்யும்.

5. செலவு போக மிஞ்சுகிற வரிப்பணத்தைக் குடும்பத்துப் பிள்ளைகளின் படிப்புக்கு, பெண்பிள்ளைகளின் படிப்புக்கு முதலில், கொடுக்கவேண்டும்.

இவ்வளவையும் செய்த பிறகு சாமிகுத்தம் ஏதாவது வருகிறதா என்று ஒரு வருஷம் பார்க்கட்டும். வந்தால் நம் பேரில் எழுதிக்கொள்ளட்டும். அந்த வரியை நாம் கட்டுகிறோம்.

கடைசியாக, சேலைப் பையை மடியில் வைத்துக்கொண்டு "பாப்பம்ணே" என்று சொன்ன அந்த அம்மாளுக்கும், அவரைப் போன்ற ஆயிரக்கணக்கான சகோதரிகளுக்கும் ஒன்று சொல்லுகிறோம். கையெழுத்துப் போடுங்கள் என்றோ போடாதீர்கள் என்றோ உத்தரவிட நமக்கு அதிகாரமில்லை. அது உங்கள் சொத்து, உங்கள் இஷ்டம். ஆனால் பத்திர ஆபீசுக்குப் போகிற வழியில், வண்டியைத் தேரிக்காட்டுப் பக்கம் திருப்பச் சொல்லி, அந்த வரி நோட்டை ஒருமுறை வாங்கிப் பாருங்கள். அதில் உங்கள் பெயர் இருக்கிறதா என்று தேடுங்கள். இல்லையென்றால், முதலில் அங்கே எழுதச் சொல்லுங்கள். பத்திரத்தைப் பற்றி அப்புறம் பேசிக்கொள்ளலாம்.